பழைய படைக் கைத்துப்பாக்கிகள்: சேகரிப்பும் சொற்பொருள் எல்லைகளும்

1. முன்னுரை

படைகளில் வழங்கிப் பின்னர் கைவிடப்பட்ட கைத்துப்பாக்கிகளையும் சுழல் துப்பாக்கிகளையும் சேகரிக்கும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேரூன்றிய ஒன்றாகும். சேகரிப்போர் ஒரு பொருளின் மதிப்பை அதன் உலோகத்தையும் மரத்தையும் கொண்டு மட்டும் அளப்பதில்லை. அதன்மேல் பொறிக்கப்பட்ட எழுத்து, விற்பனைப் பட்டியலில் அதற்குத் தரப்பட்ட பெயர், அதனை வைத்திருப்பது பற்றிச் சட்டம் கூறும் தொடர் ஆகிய மூன்றும் சேர்ந்தே மதிப்பை உறுதி செய்கின்றன. எனவே இத்துறை கலைச்சொல் ஆய்வுக்கும் மொழிபெயர்ப்பு ஆய்வுக்கும் உரிய களமாக அமைகிறது. இத்துறையின் சில சொற்களுடைய வரலாற்றையும், அவற்றைத் தமிழில் பெயர்க்கும்போது எழும் சிக்கல்களையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. குழல் என்னும் அடிப்பொருள்

'பிஸ்டல்' என்னும் ஆங்கிலச் சொல் 16ஆம் நூற்றாண்டில் வழக்கிற்கு வந்தது. இது செக் மொழியில் ஊதுகுழலைக் குறிக்கும் 'பீஷ்ட்யலா' என்னும் சொல்லிலிருந்து ஜெர்மன், பிரெஞ்சு மொழிகள் வழியாக வந்தது என்பர். பொகீமியாவில் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த ஹுஸ்ஸியப் போர்களில் சிறு வெடிகலங்களுக்கு இப்பெயர் வழங்கிற்று. இத்தாலிய நகரமான பிஸ்தோயாவின் பெயரே அடிச்சொல் என்னும் கருத்தும் உண்டு. எனினும், 'ஹௌவிட்சர்' என்னும் பீரங்கிப் பெயரும் செக் மொழியிலிருந்தே பரவியமை முதற்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

தமிழில் வழங்கும் 'துப்பாக்கி', துருக்கியச் சொல்லான 'துஃபெக்' என்பதோடு உறவுடையது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இச்சொல் சிறு ஒலிமாற்றத்துடன் வழங்குகிறது. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல் காஷ்கரி தொகுத்த துருக்கிய மொழி அகராதியில் இதன் பழைய வடிவம் சிறு பறவைகளை அடிக்கும் ஊதுகுழலைக் குறிக்கிறது. வெடிமருந்து வந்தபின் பழைய கருவியின் பெயர் புதிய கருவிக்கு ஆகி வந்தது. தமிழிலோ இசைக்கருவியைக் குறிக்கும் 'குழல்' என்னும் சொல்லே 'இரட்டைக் குழல் துப்பாக்கி' என்னும் தொடரில் வெடிகலத்தின் உறுப்பையும் குறிக்கிறது. இந்தோ-ஐரோப்பிய, துருக்கிய, திராவிட மொழிகள் மூன்றிலும் புதிய படைக்கலத்துக்குப் பெயர் தந்தது குழல் என்னும் வடிவ ஒப்புமையே என்பது கருதத்தக்கது.

3. வகையும் உள்வகையும்

சாமுவேல் கோல்ட் தம் சுழலும் அறை அமைப்புக்கு 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் அமெரிக்காவிலும் காப்புரிமை பெற்றார். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் அவருடைய துப்பாக்கிகளும் ராபர்ட் ஆடம்ஸ் உருவாக்கிய ஆங்கிலத் துப்பாக்கிகளும் காட்சிக்கு வைக்கப்பட்டன. சுழற்சியைக் குறிக்கும் வினையடியிலிருந்து 'ரிவால்வர்' என்னும் பெயர் பிறந்தது. 'சுழல் துப்பாக்கி' என்னும் தமிழ்க் கலைச்சொல்லும் அதே பண்பைக் கொண்டே ஆக்கப்பட்டுள்ளது.

பிரிட்டிஷ் படைத்துறையின் பெயரிடு முறையில் ரிவால்வர், பிஸ்டலின் உள்வகையாகும். 1915இல் ஏற்கப்பட்ட வெப்லி துப்பாக்கியின் அலுவல்முறைப் பெயர் 'பிஸ்டல், ரிவால்வர், வெப்லி, மார்க் 6' என அமைந்தது. இங்குக் காற்புள்ளி எண்ணும்மைப் பொருளைத் தருவதன்று. பொதுப்பெயரிலிருந்து சிறப்புப்பெயருக்கு இறங்கும் படிநிலையைக் காட்டுவது. இதனை அறியாதார் 'பிஸ்டலும் ரிவால்வரும்' எனப் பெயர்த்தால் பட்டியலில் ஒரு படைக்கலம் இரண்டாகிவிடும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் பலர் பிஸ்டலையும் ரிவால்வரையும் வெவ்வேறு இனங்களாகக் கொள்வதால் இப்பிழைக்கு மேலும் இடமுண்டு. 'மார்க்' என்பதும் அடையாளக் குறி அன்று. திருத்தப்பட்ட வடிவத்தின் வரிசையெண்ணைச் சுட்டுவது.

வினைச்சொற்களும் கருவியின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன. 1851ஆம் ஆண்டின் ஆடம்ஸ் துப்பாக்கியில் ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் குண்டையும் முன்புறமிருந்து இட்டு அழுத்த வேண்டும். தமிழில் இதற்குக் 'கெட்டித்தல்' என்னும் சொல் உண்டு. 1887இல் ஏற்கப்பட்ட முதல் வெப்லி படைத்துப்பாக்கியிலோ முழுத் தோட்டாவைச் செருகினால் போதும். ஆங்கிலம் இரண்டு செயல்களுக்கும் ஒரே வினையை வழங்குகிறது. தமிழில் 'கெட்டித்தல்', 'தோட்டா இடுதல்' எனப் பிரித்தால் மூலத்தில் மறைந்திருக்கும் காலவேறுபாடு வெளிப்படும்.

4. மாதிரி ஆண்டும் செய்த ஆண்டும்

பிரெஞ்சுப் படைக்காக சாந்த்-எத்தியேன் நகர அரசுத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 11 மில்லிமீட்டர் சுழல் துப்பாக்கி, '1873 மாதிரி' எனப்படுகிறது. குழலின் மேற்புறத்தில் மாதிரி ஆண்டும், பக்கத்தில் 'எஸ்' என்னும் எழுத்தை அடுத்துச் செய்த ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். 1880இல் செய்யப்பட்ட துப்பாக்கியிலும் 1873 என்னும் எண் இடம்பெறும். இதனை '1873ஆம் ஆண்டுத் துப்பாக்கி' எனப் பெயர்த்தால் எந்த ஆண்டைக் குறிக்கிறது என்னும் மயக்கம் எழும். '1873 மாதிரி, 1880இல் செய்தது' என இரண்டையும் தனித்தனியே கூறுவதே முறை.

இம்மயக்கம் சட்டப் பொருளையும் மாற்றவல்லது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், 1898 முடியச் செய்யப்பட்டவற்றைப் பழம்பொருளாகக் கொள்கிறது. பிரான்சு நாட்டின் 2012ஆம் ஆண்டுச் சட்டம், மாதிரியானது 1900 ஜனவரி 1க்கு முற்பட்டதா என்று பார்க்கிறது. முன்னது செய்த ஆண்டையும் பின்னது மாதிரி ஆண்டையும் அளவுகோலாகக் கொண்டுள்ளன. ரஷ்யாவின் 1895 மாதிரி நகான் சுழல் துப்பாக்கி 1940களிலும் செய்யப்பட்டது. 1940இல் செய்த ஒன்றின் பெயரில் 1895 என்னும் எண் இருந்தாலும், அமெரிக்கச் சட்டப்படி அது பழம்பொருள் ஆகாது.

5. 'பழம்பொருள்' என்பதன் எல்லை

பிரிட்டனின் 1968ஆம் ஆண்டுச் சட்டம், அரும்பொருளாகவோ அழகுப்பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்கு விலக்களித்தது. ஆனால் 'பழமை' எதுவென வரையறுக்கவில்லை. 2021 மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்த விதிகள் அவ்வரையறையைத் தந்தன. 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பதுடன், வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியலிலிருந்து ஏழு வகைகளும் நீக்கப்பட்டன. முற்கூறிய 1873 மாதிரியின் 11 மில்லிமீட்டர்த் தோட்டாவும், ஜெர்மானியப் படையின் 10.6 மில்லிமீட்டர்த் தோட்டாவும் நீக்கப்பட்டவற்றுள் அடங்கும். அவற்றுக்குரிய துப்பாக்கிகளை வைத்திருந்தோருக்கு ஆறு மாத அவகாசம் அளிக்கப்பட்டது. பிரிட்டனில் சட்டத்தின் கண்ணில் அதுவரை பழம்பொருளாக இருந்த ஒன்று அத்தகுதியை இழந்தது. பொருள் மாறவில்லை, சொல்லின் எல்லையே மாறியது.

இந்தியாவில் அளவுகோல் வேறு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்றுச் சிறப்புடைய பொருள்களுக்குப் பொதுவாக 100 ஆண்டு வரம்பை வகுக்கிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவோ ஆண்டுக் கணக்கைக் கூறவில்லை. வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ, தொன்மை மதிப்புடையதாகவோ, பழுதுற்றதாகவோ இருக்கும் படைக்கலம், 'பழுதுபார்த்தோ பாராமலோ' சுடுகலனாகப் பயன்படத்தக்கதாக இல்லாவிடில் மட்டுமே அது விலக்களிக்கிறது. மொழிபெயர்ப்பில் இச்சிறு தொடர் விடுபடின், பாட்டனார் விட்டுச்சென்ற துருப்பிடித்த துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என அதனை வைத்திருப்பவர் கருத நேரும். பழுதுபார்த்தால் அது சுடுமெனின், அவர் சிறைத்தண்டனைக்கு உள்ளாகவும் கூடும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படும். முதலாவதாக, படைக்கலப் பெயர்களில் பொதுப்பெயருக்கும் சிறப்புப்பெயருக்கும் உள்ள படிநிலை மொழிக்கு மொழி, நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இரண்டாவதாக, பெயரில் உள்ள ஆண்டெண் காலத்தைச் சுட்டும் சான்றாக எப்போதும் அமைவதில்லை. மூன்றாவதாக, 'பழம்பொருள்', 'தொல்பொருள்', 'வழக்கொழிந்தது' ஆகிய சொற்கள் பொதுவழக்கில் ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றினும் சட்டத்தில் தனித்தனி எல்லையுடையன. மொழிபெயர்ப்பாளர் இவற்றுக்குத் தமிழில் ஒரே சீரான, வேறுபட்ட நிகரன்களை வழங்குதல் இன்றியமையாததாகும்.