வளைந்த கால் சொல்லும் வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில் வீட்டுக் காவலுக்கு நாய் வளர்ப்போர் பலர். குட்டியின் முன்னங்கால்கள் வில்லாக வளைந்தால், 'சுண்ணாம்புச் சத்து போதவில்லை' என்று கூறி, கால்சிய டானிக்கைத் தாராளமாக ஊற்றுவார்கள். இது சரிதானா? விடை காண, வாசகர்களே, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்வோம்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் சிங்கக் குட்டிகள் எலும்பு மெலிந்து இறந்து வந்தன. அவற்றின் உணவு எலும்பு நீக்கிய இறைச்சி. 1889-இல் பிளாண்ட் சட்டன் என்ற மருத்துவர், நொறுக்கிய எலும்பையும் பாலையும் மீன் ஈரல் எண்ணெயையும் சேர்க்கச் சொன்னார். குட்டிகள் தேறின. காரணம் என்ன? 100 கிராம் இறைச்சியில் கால்சியம் ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். பாஸ்பரஸோ 200 மில்லிகிராம். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் குணப்படுத்தியது எலும்பா, எண்ணெயா? இதற்கு விளக்கம் தந்தவை நாய்க்குட்டிகள். எட்வர்டு மெல்லன்பி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, குட்டிகளுக்குத் தானிய உணவு கொடுத்து ரிக்கட்ஸ் நோயை உண்டாக்கினார். மீன் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்தும் காட்டினார். முடிவுகள் 1919-இல் வெளிவந்தன. 1922-இல் அமெரிக்காவில் மெக்காலம், எண்ணெயிலிருந்த வைட்டமின் ஏ-யை அழித்த பின்னும் அது ரிக்கட்ஸைக் குணப்படுத்துவதைக் கண்டு, அந்தப் புதிய பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயரிட்டார். குடல் கால்சியத்தை உறிஞ்ச உதவுவது இதுவே.

1919-இலேயே பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, ரிக்கட்ஸ் கண்ட குழந்தைகளைப் புற ஊதாக் கதிர்களால் குணப்படுத்தினார். நம் தோலில் இக்கதிர்கள் வைட்டமின் டி-யை உண்டாக்குகின்றன. நாயின் தோலிலோ அது போதிய அளவு உண்டாவதில்லை என்று 1994-இல் தெரியவந்தது. ஆகவே ஆவடி வெயிலில் நாள் முழுதும் கட்டிவைத்தாலும் குட்டிக்கு அது கிடைத்துவிடாது. உணவில்தான் வர வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கலாமா? இங்கேதான் வரலாறு திரும்புகிறது. 1985-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹாசெவிங்கெல் குழுவினர், 'கிரேட் டேன்' குட்டிகளுக்கு 3.3 விழுக்காடு கால்சியம் கொண்ட உணவு கொடுத்தனர். ஒப்பிட்ட மற்றக் குட்டிகளின் உணவில் இருந்தது 1.1 விழுக்காடு. மிகுதியாகப் பெற்ற குட்டிகளின் குருத்தெலும்பு முறையாக எலும்பாக மாறவில்லை. இளங்குட்டியின் குடலால் மிகைக் கால்சியத்தை முழுவதும் தடுத்து நிறுத்த முடிவதில்லை. குறைந்தாலும் கால் வளையலாம், மிகுந்தாலும் வளையலாம்!

இன்றைய அமெரிக்க அளவீட்டின்படி, பெரிய இனக் குட்டியின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், கால்சியம் 1.2 முதல் 1.8 விழுக்காடு வரை இருக்கலாம். பாஸ்பரஸுக்குக் குறையாமலும், அதன் இரு மடங்குக்கு மிகாமலும் இருப்பது நலம். வெறும் சோறும் இறைச்சியும் போட்டால் இந்த அளவு எட்டாது. குட்டிகளுக்கென்றே சரியான அளவில் தயாரித்த உணவு கொடுப்பவர் மேலும் டானிக் சேர்த்தால் அளவு மீறும். முட்டை ஓட்டுத் தூள் ஒரு சிறு கரண்டியிலேயே சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

எனவே வளைந்த காலைக் கண்டதும் டானிக் புட்டியைத் தேடாதீர்கள். குட்டி இதுவரை என்ன தின்றது என்று எழுதி எடுத்துக்கொண்டு, கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். குறையா, மிகையா என்று அறிந்த பிறகே மருந்து.