நெருப்பா, நீரா? தகடு வெட்டும் கதை

எங்கள் வேலூர், ஆம்பூர் பக்கம் "கட்டிங்" என்றால் தோல் வெட்டுவது என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் தோல் தொழிலுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தொழிலும் இருக்கிறது. டிரம்முக்கு வேண்டிய பட்டைகள், கதவுகள், தோலை இழுத்துப் பிடித்து உலர்த்தும் டாகிள் சட்டங்கள், தொட்டிகள், குழாய்களுக்கான ஃபிளாஞ்சுகள் என எல்லாம் ஏதோ ஒரு பட்டறையில் தகடாக வெட்டப்பட்டவைதான். அப்படிப்பட்ட ஒரு பட்டறையில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. இன்று பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "லேசர் வாங்கலாமா, வாட்டர்ஜெட் வாங்கலாமா சார்?" வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கும் இயந்திரம். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்தபோது இருந்தது கேஸ் கட்டிங் மட்டுமே. ஆக்சிஜன் சிலிண்டர், அசிட்டிலீன் சிலிண்டர், கையில் டார்ச். அதில் இரும்பு உருகுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் செக்கச்சிவந்த இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. 1980களின் தொடக்கத்தில் ராணிப்பேட்டைக்கு பெல் ஆலை வந்ததும், அதை நம்பிச் சுற்றிலும் பட்டறைகள் பெருகின. எம்.எஸ். பிளேட் வெட்டும் அவற்றுக்கு இந்த முறை போதுமாக இருந்தது.

தோல் ஷெட்டுக்கு அது போதவில்லை. உப்பும் அமிலமும் புழங்கும் இடத்தில் சாதா இரும்பு நிற்காது, எஸ்.எஸ். வேண்டும். எஸ்.எஸ். தகட்டை கேஸ் டார்ச் வெட்டாது. காரணம் அதிலுள்ள குரோமியம். அது மேற்பரப்பில் ஆக்சைடு படலமாகி, தீ உள்ளே இறங்காமல் தடுத்துவிடும். தோலைப் பதப்படுத்தும் அதே குரோமியம்தான், எங்கள் டார்ச்சையும் தடுத்தது. பிறகு பிளாஸ்மா வந்தது. வெட்டியது உண்மை, ஆனால் விளிம்பை மணிக்கணக்கில் கிரைண்டிங் செய்ய வேண்டியிருந்தது.

லேசரின் கதையில் நம் நாட்டவர் ஒருவர் உண்டு. 1960-இல் அமெரிக்காவில் தியோடர் மைமான் முதல் லேசரை ஒளிர வைத்தார். 1964-இல் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் படித்த குமார் படேல். 1967-இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் அந்த ஒளியோடு ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி ஒரு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டிக் காட்டினார். பார்த்தால் அதுவும் நம் கேஸ் கட்டிங்கின் தம்பிதான்! எஸ்.எஸ். தகட்டுக்கு ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் ஊதினால் விளிம்பு கறுக்காமல் வரும். இன்றைய ஃபைபர் லேசர், டாகிள் தகட்டின் ஆயிரக்கணக்கான துளைகளை நாங்கள் டிரில் வைத்துப் போட்ட நேரத்தில் ஒரு சிறு பங்கில் முடித்துவிடுகிறது.

வாட்டர்ஜெட் மரத்திலிருந்து தொடங்கியது. 1950களில் நார்மன் ஃப்ரான்ஸ் என்ற வனவியல் பொறியாளர் உயர் அழுத்த நீரால் மரத்தை வெட்டிப் பார்த்தார். வெறும் நீர் உலோகத்தை வெட்டாது. எகிப்தில் பிறந்த முகமது ஹஷீஷ் 1980 வாக்கில் நீரோடு கார்னெட் மணலைக் கலந்த பிறகே உலோகமும் கண்ணாடியும் கல்லும் வசப்பட்டன. சுமார் 4,000 பார் அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல். சூடு ஏறாது என்பதே இதன் பெருமை. பதம் ஏற்றிய பிளேடு, கனமான எஸ்.எஸ்., பித்தளை, ரப்பர் கேஸ்கெட் எல்லாம் குணம் மாறாமல் வெட்டுப்படும். ஆனால் வேகம் குறைவு. நிமிடத்துக்கு அரைக் கிலோ வரை மணல் தின்னும். அந்தச் செந்நிற மணல் நம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரிக் கரைகளில் கிடைப்பதுதான். 2013-இல் தமிழக அரசு அங்கே மணல் அள்ளுவதற்குத் தடை விதித்தது. ஆகவே மணல் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும் என்று பார்க்காமல் இந்த இயந்திரத்துக்குக் கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு கணக்கு நம் ஊருக்கே உரியது: தண்ணீர். பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைத் தோல் கழிவு கெடுத்தது பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த உப்பு நீரை உயர் அழுத்த பம்பில் விட்டால் சீல்களும் நாசிலும் சீக்கிரம் போய்விடும். சுத்திகரித்த நீர் வேண்டும். வெட்டிய பிறகு சேரும் சேற்றுக்கும் வழி வேண்டும். இயந்திர விலையோடு இவற்றையும் கூட்டினால்தான் உண்மை விலை தெரியும்.

"அப்படியானால் தோலையே இவற்றால் வெட்டினால் என்ன?" என்றும் கேட்கிறார்கள். லேசர் பட்டால் தோலின் விளிம்பு கருகும், முடி எரிந்த நாற்றம் வரும். குரோம் தோலில் அந்தச் சூடு நச்சான ஆறிணைய குரோமியத்தை உண்டாக்க வாய்ப்புண்டு. உடம்பில் படும் தோல் பொருள்களில் அது கிலோவுக்கு மூன்று மில்லிகிராமை எட்டக் கூடாது என்று ஐரோப்பா 2015 முதல் விதி வைத்திருக்கிறது. நீர் பட்டாலோ விளிம்பு ஈரமாகும். அதனால்தான் ஆம்பூரில் கிளிக்கிங் மெஷினும் டையும் இன்னும் வேலை செய்கின்றன. அடுத்து வருவதும் கணினி ஓட்டும் கத்திதான். எந்த இடத்தில் தழும்பு, எந்தப் பக்கம் இழுவை என்று பார்க்கும் கட்டிங்காரரின் கண்ணுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது. டைக்கான ஸ்டீல் பட்டையை வளைத்து வெல்டிங் வைக்கும் பட்டறைக்காரர் அடுப்பும் அதனால்தான் எரிகிறது.

ஆக, கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மெஷின் விற்பவரிடம் போவதற்கு முன் உங்கள் பட்டறையின் ஒரு வருட ஆர்டர் நோட்டைப் புரட்டுங்கள். மெல்லிய தகடு, நிறைய துளை, அவசர டெலிவரி என்றால் லேசர். கனமான தகடும் சூடு ஆகாத பொருளும் நிறைய இருந்தால், நல்ல நீருக்கும் வழி இருந்தால் வாட்டர்ஜெட். எப்போதாவது வரும் வேலைக்காகக் கடன் வாங்காதீர்கள். அதை வெளியே கொடுத்து வெட்டி வாங்குங்கள். வெட்டப்படும் பொருள் சூட்டைத் தாங்குமா, ஊர் தண்ணீரைத் தருமா என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு விலையைப் பேசுங்கள்.