நிக்கோலா ஷோஃபர்

நிக்கோலா ஷோஃபர் (1912–1992), ஹங்கேரியில் பிறந்து பிரான்ஸில் வாழ்ந்த சிற்பி. உலோகத்தைக் கையாண்டவரேயாயினும் வெளியையும் ஒளியையும் காலத்தையுமே தம் கலையின் மூலப்பொருள்களாகக் கொண்டவர். சுற்றுப்புறத்தை உணர்ந்து அதற்கேற்பத் தன் சலனத்தை மாற்றிக்கொள்ளும் சிற்பத்தின் முன்னோடிகளுள் தலையாயவர்.

கலோச்சா என்னும் ஊரில் பிறந்த ஷோஃபர், புதாபெஸ்ட் நுண்கலைக் கலாசாலையில் பயின்று 1936-இல் பாரிஸ் சேர்ந்தார். அங்கு முதலில் அவர் தீட்டிய ஓவியங்களைப் பற்றி விரிவாகக் கூறவேண்டியதில்லை. அசையும் சிற்பம் அவருக்கு முன்பே தோன்றியிருந்தது: அவருடைய நாட்டவரான கலைஞர் மொஹோலி-நாட்ஜ், சுழலும் உலோகத் தகடுகளின் மீது ஒளியைப் பாய்ச்சி நிழல்களை ஆடவைத்த யந்திரத்தை 1930-இலேயே காட்சிக்கு வைத்திருந்தார். ஆனால் அத்தகைய யந்திரங்கள் ஒருமுறை வகுத்த அசைவையே ஓயாது மீண்டும் நிகழ்த்துபவை. உயிர்களும் யந்திரங்களும் தம் செயலின் விளைவை அறிந்து அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் முறையை ஆராய்ந்து, அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1948-இல் வெளியிட்ட சைபர்நெடிக்ஸ் என்னும் சாஸ்திரமே, அந்த ஒரேவித ஆட்டத்தினின்றும் சிற்பத்தை விடுவிக்கும் மார்க்கத்தை ஷோஃபருக்குக் காட்டியது.

1954-இல் பாரிஸை அடுத்த சேன்-க்ளூ பூங்காவில் அவர் எழுப்பிய 50 மீட்டர் கோபுரத்தில், இசையமைப்பாளர் பியேர் ஆன்ரி ஒலிப்பதிவு செய்த நாதங்கள் சுற்றுப்புற மாறுதல்களுக்கு ஏற்பக் கோவைப்பட்டு ஒலித்தன. இரண்டாண்டுகளுக்குப்பின் ஃபிலிப்ஸ் நிறுவனத்தாரின் துணையோடு உருவான ‘சிஸ்ப் 1’ அதனினும் துணிவான சிருஷ்டி. சக்கரங்கள் பொருந்திய பீடத்தின் மேல் எஃகுச் சட்டம். அதில் சிறு மோட்டார்களால் சுழலும் 16 வண்ணத் தகடுகள். உள்ளே ஒளியுணர் கருவிகளும் ஒலிவாங்கியும், அவை தரும் செய்தியை ஆய்ந்து ஆணையிடும் மின்னணு மூளையும் இருந்தன. நீல நிறத்தைக் கண்டால் அது கிளர்ச்சியுற்று முன்னும் பின்னும் விரைந்து திரும்பும், சிவப்பைக் கண்டால் அமைதியுறும். நிசப்தத்திலும் இருளிலும் துடிக்கும், இரைச்சலிலும் பேரொளியிலும் அடங்கும். மனித சுபாவத்துக்கு மாறான இக்குணமே அதனை வெறும் விளையாட்டுப் பொம்மையாகாமல் காத்தது என்று கூறத் தோன்றுகிறது. அதே ஆண்டு மார்செய் நகரில், கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில், மொரீஸ் பெஜாரின் நர்த்தனக் குழுவினரோடு அது ஆடிற்று. எவ்வளவு பெரிய கோபுரத்தை அவர் பின்னர் எண்ணியிருப்பினும், அவருடைய மேதை முழுமையாக விளங்கியது ஆளுயரத்தை ஒட்டிய இச்சிற்பத்தில்தான்.

பெல்ஜியத்தின் லியேழ் நகரில் 1961-இல் நிறுவப்பெற்ற 52 மீட்டர் கோபுரம், காற்று, வெப்பம், ஈரப்பதம், ஒலி ஆகியவற்றை உணர்ந்து தன் கண்ணாடித் தகடுகளைச் சுழற்றி, ஆற்றங்கரையில் வண்ணக் கிரணங்களை வீசிற்று. ஆண்டுகள் பல செயலற்று நின்றபின் 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. 1968-இல் வெனிஸ் பியன்னாலே என்னும் கலைக்காட்சியின் பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1973-இல் ஹாம்பர்க் ஆப்பெரா அரங்கில் நடந்த ‘கில்டெக்ஸ்’ நிகழ்ச்சியில், காட்சியின் போக்கைத் தங்கள் வாக்கினால் மாற்றும் உரிமையைச் சபையோருக்கே அளித்தார்.

பாரிஸின் லா தெஃபான்ஸ் பகுதியில் 300 மீட்டருக்கு மேல் உயர வேண்டியிருந்த ஒளிக் கோபுரமோ கட்டப்படவேயில்லை. போக்குவரத்து முதலான நகரத்தின் நிகழ்வுகளை அறிந்து அவற்றை ஒளியாக வானில் தெரிவிக்கவேண்டிய அத்திட்டம், ஆதரவாளரான ஜனாதிபதி பொம்பிடு 1974-இல் காலமானதாலும், எண்ணெய் நெருக்கடி செலவினத்தைச் சுருக்கியதாலும் கைவிடப்பட்டது. மின்சாரத்தைத் தாராளமாகப் பருகும் கலைக்கு அதனினும் பாதகமான காலம் வாய்த்திருக்க முடியாது.

இறுதி ஆண்டுகளில் பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபோது இடக்கையால் சித்திரம் வரைந்தார். 1992 ஜனவரி 8-ஆம் நாள் பாரிஸில் காலமானார். கலோச்சாவில் அவருக்கென ஒரு காட்சிசாலையும், 1982-இல் நிறுவிய ‘க்ரோனோஸ் 8’ என்னும் ஒளிக் கோபுரமும் உள்ளன.