‘குடும்பத் தகராறு’ குற்றமான வரலாறு

இம்முறை நம் நாட்டு வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டலாம் என எண்ணுகிறேன். நமது பள்ளிப் பாடநூல்களில் விடுதலைப் போராட்டம் உண்டு, நெருக்கடி காலம் உண்டு, அரசியலமைப்பும் உண்டு. ஆனால், வீட்டுக்குள் அடிபட்ட பெண்ணுக்குச் சட்டம் எப்போது துணைக்கு வந்தது என்னும் வரலாறு அவற்றில் இல்லை. அவ்வரலாறு நீண்டது. அதில் காவல்துறைக்கும் மருத்துவமனைக்கும் மகளிர் சங்கங்களுக்கும் சம பங்கு உண்டு.

தோட்டமும் பழைய சட்டமும்

இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் வாழ்ந்த காலத்தில், லயத்து வீடுகளில் நடந்த அடிதடி வழக்குகள் பெரும்பாலும் தோட்ட எல்லையைத் தாண்டியதில்லை. கங்காணியோ கிராணியோ இருவரையும் அழைத்துக் கண்டிப்பார். சில நேரம் துரையிடம் போகும். “புருஷன் பொண்டாட்டி சண்டை” என்று சொல்லி முடித்துவைப்பார்கள். கள்ளுக்கடை தோட்டத்திலேயே இருந்தது. சம்பள நாளன்று அங்கே சென்ற பணமும், அங்கிருந்து வீடு திரும்பிய கோபமும் நம் பாட்டிமார் அறிந்தவை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தனர். அன்று அவர்களுக்கு எதிரே நின்றது காவல்துறை. சமூகமும் காவல்துறையும் ஒரே பக்கத்தில் நின்று பெண்ணைக் காக்கும் நிலை அப்போது எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது.

சட்டமும் அப்படியே. 1872இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம், 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. அதன் வழிவந்த நமது தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியை மயக்கி அழைத்துச் செல்லும் ஆடவனைத் தண்டித்தது. மனைவி கணவனின் உடைமை என்னும் கருத்தே அப்பிரிவின் அடிப்படை. கூட்டரசு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான். மனைவியைப் பறிகொடுத்த கணவனுக்கு நூற்றைம்பது ஆண்டுகள் தனிப்பிரிவு இருந்தது. கணவனிடம் அடிவாங்கிய மனைவிக்கு 1990கள் வரை தனிச்சட்டம் இல்லை.

பொதுவான காயம் விளைவித்தல் பிரிவு இருந்ததே எனக் கேட்கலாம். இருந்தது. ஆனால், 323ஆம் பிரிவின்கீழ் வரும் சாதாரணக் காயம், பிடியாணையின்றிக் காவல்துறை கைது செய்ய இயலாத குற்ற வகையைச் சேர்ந்தது. ஆகவே, வீங்கிய முகத்தோடு நிலையத்துக்கு வந்த பெண்ணின் புகாரை எழுதிக்கொண்டு, மாஜிஸ்திரேட்டிடம் செல்லுமாறு சொல்லி அனுப்புவதே வழக்கமாயிற்று. அன்றிரவு அவள் எங்கே படுப்பாள் என்பதற்குச் சட்டத்தில் விடையே கிடையாது.

ஓர் இல்லம், ஓர் கூட்டணி

1982ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் அவ்வாண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். ஒருவனுக்கு ஒருத்தியே சட்டப்படி மனைவி. இரண்டாவது, அதே ஆண்டில் பெண்கள் உதவி அமைப்பு (டபிள்யூ.ஏ.ஓ.) கணவனின் அடிக்குத் தப்பிவரும் பெண்கள் பிள்ளைகளோடு தங்குவதற்கு ஓர் இல்லத்தைத் திறந்தது. பினாங்கில் 1985இல் மகளிர் நெருக்கடி மையம் தோன்றியது.

1985 மார்ச் மாதத்தில் பெண்கள் உதவி அமைப்பு, பெண் வழக்கறிஞர் சங்கம், பல்கலைக்கழகப் பெண்கள் சங்கம், மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் மகளிர் பிரிவு, சிலாங்கூர் - கூட்டரசுப் பிரதேசப் பயனீட்டாளர் சங்கம் ஆகிய ஐந்தும் சேர்ந்து பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிப் பட்டறையும் கண்காட்சியும் நடத்தின. ‘ஜேக்’ எனப்படும் கூட்டு நடவடிக்கைக் குழுவின் தொடக்கம் அதுவே. பிற்காலத்தில் தெனாகானித்தா அமைப்பை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் இவ்வியக்கத்தில் முன்னணியில் நின்றவர். சுங்கை பட்டாணியில் பிறந்த அவரும் ஒருகாலத்தில் ஆசிரியர் என்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

இயக்கத்தின் முதற்பயன் 1989இல் கிட்டியது. வன்புணர்ச்சிச் சட்டம் கடுமையாக்கப்பட்டது; குறைந்த அளவுச் சிறைத்தண்டனை ஐந்தாண்டு என்றாயிற்று. பாதிக்கப்பட்ட பெண்ணின் கடந்தகால வாழ்க்கையை நீதிமன்றத்தில் கிளறுவதற்கும் கட்டுப்பாடு வந்தது.

மருத்துவமனையில் ஓர் அறை

என் மனத்தைப் பெரிதும் கவர்ந்த நிகழ்வு 1993இல் நடந்தது. அதுவரை அடிபட்ட பெண் அவசரப் பிரிவின் பொதுக்கூடத்தில் எல்லார் பார்வையிலும் காத்திருந்தாள். பின்னர் காவல் நிலையம், பின்னர் சமூகநல அலுவலகம். ஒவ்வோரிடத்திலும் அதே கதையை அந்நியர் முன் மீண்டும் சொல்ல வேண்டும். பாதி வழியிலேயே பலர் வீடு திரும்பினர்.

கோலாலம்பூர் மருத்துவமனை தன் அவசரப் பிரிவிலேயே ஒரு தனி அறையை ஒதுக்கியது. ஓரிட நெருக்கடி மையம் என்பது அதன் பெயர். மருத்துவர் அங்கே வந்து பரிசோதிப்பார். காவலர் அங்கேயே வந்து புகார் பெறுவார். சமூகநல அதிகாரியும் மகளிர் சங்கத் தொண்டரும் அங்கேயே வந்து ஆறுதலும் ஆலோசனையும் தருவர். அதாவது, பெண் அலுவலகங்களைத் தேடி அலைந்தது போய், அலுவலகங்கள் அவளைத் தேடி வந்தன. 1996இல் சுகாதார அமைச்சு இம்முறையை மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் விரிவாக்கப் பணித்தது. காவல்துறை - சமூகக் கூட்டுறவு என்று மேடைகளில் பேசுகிறோமே, அது நான்கு சுவருக்குள் உருப்பெற்ற இடம் இதுதான்.

1994ஆம் ஆண்டுச் சட்டம்

1985இல் எழுந்த கோரிக்கை, குடும்ப வன்முறைச் சட்டமாக நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 1994இல். சட்ட வரைவு பற்றிய கலந்தாய்வுகளில் மகளிர் சங்கங்களோடு காவல்துறையும் சமய இலாகாவினரும் அமர்ந்தனர். முஸ்லிம்களுக்கு இது பொருந்துமா என்பது பெரிய விவாதமாயிற்று. குற்றம் என்ற முறையில் தண்டனைச் சட்டத்தோடு இணைத்துப் படிக்கப்படும் என்னும் இணக்கத்தின் பேரில், எல்லா இனத்தார்க்கும் சமயத்தார்க்கும் பொதுவான சட்டமாக அது அமைந்தது. நிறைவேறிய பின்னும் ஈராண்டு அது உறங்கியது. சங்கங்கள் விடாது வலியுறுத்தியதன் பின்னரே, 1996 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். புகார் செய்யப் பெண்ணுக்கு உதவுதல், பாதுகாப்பான இடத்துக்கு அவளைக் கொண்டுசேர்க்க வாகன ஏற்பாடு செய்தல், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல், அவளுடைய உரிமைகளை விளக்குதல், வீட்டிலுள்ள அவளது உடைமைகளை எடுத்துவர உடன் செல்லுதல் ஆகியவை அதிகாரியின் கடமைகள். முன்பு ‘போய் வா’ என்றவர் இனி ‘வா, போகலாம்’ என்று சொல்லக் கடமைப்பட்டவர்.

நம்மவர்க்கு முக்கியமான இன்னொன்று: கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழும் பெண்ணையும் இச்சட்டம் மனைவியாகவே கொள்கிறது. சமய முறைப்படியோ வழக்கப்படியோ சடங்கு நடந்திருந்தால் போதும். “பதிவு இல்லை, ஆகவே சட்டம் இல்லை” என்று அச்சுறுத்துவோர் சொல்வது பொய்.

குறைகளும் இருந்தன, அவை படிப்படியாகத் திருத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் உடற்காயத்தோடு உளவியல், உணர்வுக் கொடுமைகளையும் சேர்த்தது; பிடியாணையின்றிக் கைது செய்யவும் வழி வகுத்தது. 2017இல் நிறைவேறிய திருத்தத்தால் அவசரப் பாதுகாப்பு ஆணை வந்தது. நீதிமன்றம் திறக்கும்வரை காத்திராமல் சமூகநல அதிகாரியே அதனை வழங்கலாம். ஏழு நாள் செல்லும். 2023இல் பின்தொடர்ந்து தொல்லை தருதலும் குற்றமாயிற்று. ஆயினும், கணவன் மனைவியை வன்புணர்தல் பற்றிய விதிவிலக்கை 2007ஆம் ஆண்டுத் திருத்தமும் அகற்றவில்லை. காயமோ அச்சமோ விளைவித்து உறவு கொள்வதை மட்டும் தனிக்குற்றமாக்கியது. எனவே, வரலாறு முற்றுப்பெறவில்லை.

நம் பங்கு

ஆசிரியப் பணியில் பெற்றோர் பலரைச் சந்திக்கிறேன். ஒரு தாய் ஒருமுறை என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ரிப்போர்ட் செஞ்சா, அப்புறம் ராத்திரிக்கு எங்க சார் போறது?” மேலே சொன்ன வரலாறு முழுதும் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடியதே. 1982இல் இல்லம், 1993இல் அறை, 1996இல் காவலரின் கடமை, 2018 முதல் ஏழு நாள் ஆணை எனப் பகுதி பகுதியாக விடை கிடைத்தது. அவ்விடையை அத்தாயிடம் எடுத்துச் சொன்னேன். அவருக்குத் தெரியாதிருந்தது சட்டம் இல்லாததால் அன்று. சட்டம் அவர் மொழியில் அவரை வந்தடையாததால்.

இங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. குடும்ப வன்முறை பற்றித் தகவல் தர உறவினராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டாரும் ஆசிரியரும் கோயில் பொறுப்பாளரும் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது அவதூறு வழக்குத் தொடுக்க இயலாது என 18ஆம் பிரிவு காப்பளிக்கிறது. சிறாருக்கு எதிரான பாலியல் குற்றமாயின் விருப்பத்துக்கே இடமில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரிந்தும் சொல்லாதிருப்பதே ஐயாயிரம் ரிங்கிட் வரை தண்டம் பெறும் குற்றம்.

காவலர் ஒருவர் இரவு மூன்று மணிக்கு ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமானால், அதற்கு முன் யாராவது ஒருவர் தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். சட்டம் எழுதுவது நாடாளுமன்றத்தின் வேலை. அந்த அழைப்பைச் செய்வது அண்டை வீட்டாரின் வேலை. தாலிக்கு மரியாதை தரும் நம் சமூகம், அதை அணிந்தவளின் உயிருக்கும் மரியாதை தரட்டும்.

15999 என்பது தாலியான் காசே உதவி எண். உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், வீட்டுக்கு வரும் ஒருத்தியின் கண்ணில் அது படக்கூடும்.