சரிவில் ஏறும் வண்டி: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலைகளில் ரோபோக் கல்வியின் தொடக்கப்புள்ளி

2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவருக்காகவே ஆர்டுயினோ பலகை உருவானது. சிறு ரோபோ வண்டி செய்யப் பழகுவோர் பலர் இன்றும் அதில்தான் கைவைக்கிறார்கள். பாடமும் பெரும்பாலும் ஒரே அச்சு: வழுவழுப்பான தரை, இரண்டு செக்கன் முன்னே போ, அரைச் செக்கன் திரும்பு. தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்களிலோ லயத்து வாசலைத் தாண்டினால் படியும் சரிவுந்தான். இந்தச் சரிவையே முதற்பாடமாக எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

30 பாகைச் சரிவில் வண்டியின் நிறையில் சரிபாதி அதைப் பின்னுக்கு இழுக்கிறது. மோட்டாரின் வேகம் குறையக் குறைய அது கேட்கும் மின்னோட்டம் கூடும். ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ பலகையின் ஒரு முனை சிரமமின்றித் தருவது 20 மில்லி அம்பியர். திணறும் சிறு மோட்டாருக்கோ பல நூறு வேண்டும். அதனால்தான் இடையில் எல்298என் போன்ற மோட்டார் இயக்கி வருகிறது. அதுவும் ஏறத்தாழ 2 வோல்ற்றைத் தானே தின்றுவிடும். மீள்மின்னேற்றும் பற்றரி நான்கு சேர்ந்து தரும் 4.8 வோல்ற்றில் மோட்டாருக்கு எஞ்சுவது மூன்றுக்கும் குறைவு. பலகைக்கும் அதே பற்றரி என்றால் நிலைமை இன்னும் மோசம்: சில்லு அரைச்சுற்று உருளும், பலகையின் விளக்கு மங்கி மினுங்கும், நிரல் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கும். பிள்ளைகள் நிரலில் பிழை தேடிப் பிற்பகல் முழுவதையும் தொலைப்பார்கள். பிழை இருப்பதோ பற்றரியில். பலகைக்கும் மோட்டாருக்கும் தனித்தனிப் பற்றரி கொடுத்து, அவற்றின் மறைமுனைகளை மட்டும் ஒரு கம்பியால் இணைத்தால் கோளாறு தீரும்.

தொடக்கநிலைப் பிள்ளைக்கு இவ்வளவு எதற்கு, முதலில் சமதரையில் நிரல் பழகட்டுமே என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சமதரை ஒரு தவறான நம்பிக்கையை ஊட்டுகிறது: கட்டளையிட்டால் காரியம் நடந்துவிடும் என்பது அது. சரிவிலோ அதே இரண்டு செக்கனில் ஏறும் தூரம் வேறு, இறங்கும் தூரம் வேறு. நடந்ததை அளந்து பார்த்தே அடுத்த கட்டளையை இட வேண்டும் என்ற பின்னூட்டக் கருத்து அங்கே தானாகப் பிறக்கிறது. வழக்கமான 65 மில்லிமீற்றர் சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். அச்சில் 20 துளைத் தட்டொன்றைப் பூட்டினால், ஒளியுணரி எண்ணும் ஒவ்வொரு துளையும் ஒரு சென்ரிமீற்றர். காலத்தை எண்ணிய பிள்ளை இப்போது தூரத்தை எண்ணுகிறது.

மழை விட்ட ஈரமண்ணில் அந்த எண்ணிக்கையும் பொய்க்கும். சில்லு வழுக்கிச் சுழலும், துளைகள் எண்ணப்படும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அளக்கப்பட்டது சில்லுதான், நிலம் அல்ல. சரிவின் மேலே ஒரு மரப்பலகைத் துண்டை நட்டு, மீயொலி உணரியால் அதற்குள்ள தூரத்தைப் பார்த்து இரண்டு அளவையும் ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் வளர்ந்தால் மோட்டாரை நிறுத்து என்ற அந்த ஒற்றை நிபந்தனையை எழுதப் பிள்ளைக்கு ஐந்து வரி போதும்.