கொழுப்பிணைப்புப் புரதம்

கொழு என்பது கொழுப்பு என்ற சொல்லின் வேர். செழித்தல், பருத்தல் என்று பொருள். மலையாளத்தில் கொழுப்பு, கன்னடத்தில் கொப்பு, தெலுங்கில் கொவ்வு என இனமொழிகளிலும் அது வாழ்கிறது. சங்கப் பாடல்களில் கொழுமீன் வருகிறது. யாழ்ப்பாணத்துக் குருநகர் மீன் சந்தையில் கொழுத்த மீன் என்றால் இன்றும் விளக்கம் வேண்டாம். இப்படி ஓர் உயிருள்ள சொல் நம்மிடம் இருக்க, இலங்கைப் பாடநூல்கள் 'இலிப்பிட்டு' என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. அது கொழுப்பைக் குறிக்கும் லிப்போஸ் என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. மெழுகு, ஸ்டெரொய்ட் போன்றவற்றையும் அது அடக்கும் என்பது மெய்தான்; அதற்குக் 'கொழுமியம்' என்ற ஆக்கம் உண்டு.

இணைப்பு என்பது இங்கே பற்றிக்கொள்ளுதல். கொழுப்பமிலம் நீரில் எளிதில் கரையாது. உயிரணுவுக்குள்ளோ பெரும்பகுதி நீர். ஏறத்தாழ 15 கிலோடால்டன் எடையுள்ள இச்சிறு புரதம், பீப்பாய் போன்ற தன் வடிவின் உட்குழிவில் கொழுப்பமிலத்தை ஏந்திச் செல்கிறது. இதயத் தசையில் உள்ள வகை, மாரடைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் இரத்தத்தில் கூடிவிடும்.

இப்புரதம் அடங்கிய ஆய்வுகூடப் புட்டியில் 'மீளிணைந்த மனிதப் புரதம்' என்றிருந்தால், அது மனித உடலிலிருந்து எடுத்ததன்று. மனித மரபணுவைப் பெரும்பாலும் ஈ.கோலை பக்டீரியாவில் புகுத்தி, அது உண்டாக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்குகிறார்கள். மீளிணைந்தது மரபணுத்தொடர், புரதத்துக்கு அந்த அடைமொழி அதன் வழியே வந்தது. ஆய்வுக்கென விற்கப்படும் இப்புரதம் மருந்தன்று.