பண்ணைப் பன்றிகளில் இன்ஃபுளுவென்சா நச்சுயிரியின் படிமலர்ச்சி (1918–2009): ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

2009ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய காய்ச்சல் ‘பன்றிக் காய்ச்சல்’ எனப் பெயர் பெற்றது. இப்பெயர், நோயின் தோற்றத்திற்குப் பன்றியே பொறுப்பு என்னும் எண்ணத்தை நிலைநிறுத்தியது. ஆயின், அந்நச்சுயிரியின் தொண்ணூறு ஆண்டு வரலாறு மனிதருக்கும் பன்றிக்கும் இடையே நிகழ்ந்த இருவழிப் பரிமாற்றத்தைக் காட்டுகிறது. அப்பரிமாற்றத்தில் பண்ணை முறை பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதல் பதிவு

1918இன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பன்றிகள் பெருமளவில் நோயுற்றன. அரசுக் கால்நடை ஆய்வாளர் ஜே. எஸ். கோயன், மனிதரைத் தாக்கிய கொள்ளைநோயும் இதுவும் ஒன்றே எனக் கருதினார். விற்பனை குன்றும் என அஞ்சிய பன்றி வளர்ப்போர் இதனை எதிர்த்தனர். ரிச்சர்டு ஷோப் பன்றிகளிடமிருந்து நச்சுயிரியைப் பிரித்தெடுத்த செய்தி 1931இல் வெளியானது. மனித நச்சுயிரி 1933இல் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த குருதிச் சோதனைகளில், 1918ஐக் கடந்து வந்தோர் பலரிடம் பன்றி நச்சுயிரியை முறியடிக்கும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. கோயனின் கருத்து இதனால் வலுப்பெற்றது. நச்சுயிரி மனிதரிடமிருந்தே பன்றிகளை அடைந்தது என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் முடிபாகும்.

தேக்கமும் கலப்பும்

அதன்பின் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் வட அமெரிக்கப் பன்றிகளில் அந்நச்சுயிரியின் புறப்புரதம் சிறிதளவே மாறியது. இறைச்சிக்கு வளர்க்கப்படும் பன்றி ஏறத்தாழ ஆறு மாதங்களே வாழ்கிறது. முன்பே நோயுற்று எதிர்ப்பாற்றல் பெற்ற விலங்குகள் மந்தையில் நீடிப்பதில்லை. எனவே, அவ்வாற்றலுக்குத் தப்பும் பொருட்டு உருமாற வேண்டிய நெருக்கடி நச்சுயிரிக்குக் குறைவு. இடைவிடாது பிறக்கும் குட்டிகள் அது தங்குவதற்கு இடமளித்தன.

1998இல் இந்நிலை மாறியது. இன்ஃபுளுவென்சாவின் மரபணுத் தொகுதி எட்டுத் துண்டுகளால் ஆனது. இருவேறு நச்சுயிரிகள் ஒரே உயிரணுவில் நுழையின் அத்துண்டுகள் இடம் மாறிக் கலக்கும். மனித, பறவை, பன்றி மரபணுக்கள் மூன்றும் கலந்த நச்சுயிரி அவ்வாண்டு அமெரிக்க மந்தைகளில் கண்டறியப்பட்டது. பண்ணைகள் பெருகி, குட்டிகள் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லப்பட்ட சூழலில் அது விரைந்து நிலைபெற்றது. ஐரோப்பாவிலோ 1979 முதல் பறவையிலிருந்து வந்த வேறொரு மரபுவழி பன்றிகளில் நிலவியது.

2009 நச்சுயிரியின் ஆறு துண்டுகள் வட அமெரிக்கக் கலப்பிலிருந்தும், இரண்டு துண்டுகள் யூரேசிய மரபுவழியிலிருந்தும் வந்தவை. அதன் முன்னோடிகள் மெக்சிகோவின் பன்றிகளில் இருந்தமையை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்டங்களைக் கடந்த மரபுவழிகளின் சந்திப்பிற்கு உயிருள்ள பன்றிகளின் வணிகம் வழிகோலியது எனக் கருதப்படுகிறது.

முடிவுரை

2009 ஏப்ரலில் எகிப்து அரசு ஏறத்தாழ மூன்று இலட்சம் பன்றிகளைக் கொல்ல ஆணையிட்டது. அப்போது நோய் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருந்தது. ஆணையால் இழப்புற்றோர், கெய்ரோவின் கழிவுகளைத் திரட்டிப் பன்றி வளர்த்த எளிய மக்கள். அதன்பின் பல நாடுகளில் மனிதரே அந்நச்சுயிரியைப் பன்றிகளுக்கு மீண்டும் மீண்டும் பரப்பினர். ஆதலின், பன்றியைப் பழிப்பதும் அழிப்பதும் தீர்வாகா. மந்தைகளைத் தொடர்ந்து கண்காணித்தலும், பண்ணைத் தொழிலாளருக்குத் தடுப்பூசி அளித்தலும், உயிருள்ள விலங்குகளின் போக்குவரத்தை நெறிப்படுத்தலுமே இவ்வரலாறு உணர்த்தும் தேவைகளாகும்.